நல்லவர் என்று சொல்லக் கூடாது

வக்கீலம்மா அதையே மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க, திரும்பவும் சொல்றேன். கூண்டுல ஏறினா கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. உங்க சகலை நல்லவரு, சாதுவானவரு, கோபமே வராதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயிலருந்து வரக் கூடாது."

"வராதுங்க," என்றார் தசமம்.

பதில் வந்த வேகத்தில் வக்கீலம்மா பேனாவை நிறுத்தினார். "எல்லாரும் இதைச் சொன்னா என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. நல்லவரை நல்லவர்னு சொல்றதுல என்னம்மா தப்புன்னு மல்லுக்கு நிப்பாங்க. நீங்கதான் ஒரே பேச்சுல ஒத்துக்கிட்டீங்க."

"சொல்லாதேன்னா சொல்லலை. நமக்கு என்னங்க?"

தசமம் என்பது அவர் பெயரல்ல. குடிநீர் பம்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேட்டர். அரை மணிக்கு ஒரு முறை பானலில் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் நாலு என்று எழுதுகிற இடத்தில் இவர் 4.2 என்று எழுதுவார். முள் ஆடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை காத்திருந்து எழுதுவார். பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவிகூடக் கோபம் வந்தால் "உங்க தசமத்தை எல்லாம் அங்கேயே வச்சுக்கோங்க" என்பாள்.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அதே பம்பு நிலையத்தில் இஞ்சினியர். அவர்தான் இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர். காண்ட்ராக்டர் ஒருவரை இரும்புப் படியிலிருந்து பிடித்துத் தள்ளி இடுப்பை உடைத்தார் என்பது குற்றம். நிரூபணமானால் சிறை. சிறை என்றால் வேலையும் போகும்.

"ஏன் நல்லவர்னு சொல்லக் கூடாதுன்னு காரணத்தையும் சொல்லிடறேன்," என்று வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒன்பது வருஷம் முன்னாடி, பழைய வேலையில, அவர் ஒரு ஸ்டோர்கீப்பரைக் கன்னத்துல அறைஞ்சு அபராதம் கட்டியிருக்கார். தெரியுமா?"

தெரியாமலா? கல்யாணம் பேசும்போதே அந்தச் சமாசாரம் வந்தது. மாமனார், "வாலிப முறுக்கு, விடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதே மாமனார், தசமத்தைப் பெண் பார்க்க வரச்சொன்னபோது, அவர் சிகரெட் பிடிப்பாரா என்று நாலு இடத்தில் விசாரித்தவர்.

"அந்தக் காகிதம் அரசு வக்கீல் கையில இருக்கு. ஆனா அவர் அதை எடுக்க முடியாது. அன்னைக்கு அறைஞ்சவன் இன்னைக்குத் தள்ளியிருப்பான்னு சொல்லக் கூடாதுங்கறது சட்டம். ஒரு ஆளோட பழைய குணத்தை வச்சு இன்னைய குத்தத்தைத் தலையில கட்ட முடியாது. ஆனா நம்ம சாட்சியே வாயைத் திறந்து, அவர் யார் மேலயும் கை வைக்காதவர்னு சொல்லிட்டார்னு வைங்க. உடனே அரசு வக்கீல், 'அப்படியா? அப்ப இதைக் கொஞ்சம் பாருங்க'ன்னு நீட்டிடலாம். அவரைத் தடுக்க முடியாது. நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

தசமம் தலையாட்டினார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் மண்டைக்குள் அந்த ஒரே விஷயம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனைப் புகழ்ந்தே கவிழ்க்கலாம். திட்ட வேண்டாம், புறம் பேச வேண்டாம். "தங்கமான மனுஷங்க, ஈ எறும்புக்குக் கூடக் கை ஓங்க மாட்டார்." இவ்வளவுதான். யாரும் குறை சொல்ல முடியாது. பாவம், பாசத்தில் உளறிவிட்டார் என்று ஊரே பரிதாபப்படும். கொழுந்தியாள்கூட, "அத்தான் வேணும்னா சொன்னார்?" என்பாள்.

பொறாமை என்று தனக்குத்தானே அவர் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் எட்டு வருடமாக அது அவர் வயிற்றில் குடியிருந்தது. மாமனார் வீட்டில் அதற்கு முன் 'மாப்பிள்ளை' என்றால் அவர்தான். சகலை வந்த மறு மாதமே அந்த வார்த்தை இடம் மாறிவிட்டது. 'மாப்பிள்ளை வந்தாச்சா?' என்று மாமனார் போனில் கேட்டால் அது சகலையைப் பற்றி. இவர் 'மூத்தவர்' ஆகிவிட்டார், ஏதோ பழைய கட்டில் மாதிரி. வீட்டில் பல்பு மாற்ற இவர் ஸ்டூல் தேட வேண்டும், அவன் நின்ற இடத்திலேயே கையை உயர்த்தி மாற்றிவிடுவான். நாற்பத்தொரு வயதில் ஒரு நரை கிடையாது. இவர் பெண் வடிவக் கணக்கில் சந்தேகம் வந்தால் சித்தப்பாவுக்குத்தான் போன் போடுகிறாள். "அப்பா, நீங்க சொன்னா ரொம்ப நேரம் ஆகுது" என்கிறாள்.

அதையெல்லாம் விடலாம். பம்பு நிலையத்தில் மூன்று வருடம் ஷிப்ட் பொறுப்பைத் தசமம்தான் பார்த்தார். அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்ப இஞ்சினியர் ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை வந்து இறங்கினவன் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்தது போதாதா, ஒரே பம்பு ஹவுஸிலுமா? வந்த முதல் நாளே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, புள்ளி வச்சு எழுதியிருக்கீங்களே, பிரமாதம்" என்றான். சுற்றி நின்ற வால்வுக்காரர்கள் சிரித்தார்கள். பாராட்டா, கிண்டலா என்று இன்றுவரை தசமத்துக்குத் தெரியாது.

சம்பவம் நடந்த நாளில் இரண்டாம் நம்பர் பம்பில் ஒழுக்கை அடைக்கப் புதிதாகச் சுற்றிய பேக்கிங் கயிறு வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காண்ட்ராக்டர் வந்து நின்றார். "ஒழுகுறதை நிறுத்துங்க, போடறேன்" என்றான் சகலை. படியின் மேல்முனையில் நின்று இருவரும் கத்தினார்கள். காண்ட்ராக்டர் கையிலிருந்த கயிற்றுச் சுருளைச் சகலை முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு, விருட்டென்று திரும்பி இறங்கினார். இரண்டாவது படி முழுக்க எண்ணெயும் தண்ணீரும். கால் வழுக்கியது. சகலை பாய்ந்து சட்டைக் கையைப் பிடித்தான். பொத்தான் மட்டும் கையோடு வந்தது.

இவ்வளவையும் தசமம் பானல் பக்கத்தில் நின்று பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. இரும்புப் படி அதிர்ந்த சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்தது கீழே முனகும் காண்ட்ராக்டரையும், மேலே பொத்தானோடு நிற்கும் இஞ்சினியரையும்தான். "தள்ளிட்டான்" என்றார் காண்ட்ராக்டர்.

சாயங்காலம் போலீஸ்காரர் வந்து தசமத்திடம் கேட்டபோது, உள்ளதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதே நேரத்தில் வாசலில் வால்வுக்காரர்கள் சகலையைச் சுற்றி நின்று, "சார், கவலைப்படாதீங்க சார், நாங்க இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஒருவன் விசிறினான். தசமத்துக்கு எரிந்தது. ஒரு வாரம் ஸ்டேஷனுக்கு அலையட்டுமே, என்ன குறைந்துவிடும்? போலீஸ்காரரின் கையெழுத்து கோணலாக இருந்தது. தசமமே பேனாவை வாங்கி எண் போட்டு எழுதினார். முதுகு படிப் பக்கம் இருந்தது, எதையும் பார்க்கவில்லை என்று முடித்துக் கையெழுத்திட்டார்.

ஒரு வாரம் பதினான்கு மாதமாக நீண்டது. கொழுந்தியாள் இளைத்துப் போனாள். போன மாதம் வக்கீலம்மா பம்பு நிலையத்துக்கே வந்து, பானல் முன்னால் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "இங்க நிக்கிற ஆளு படியைப் பார்க்காம இருக்கவே முடியாதேங்க?" என்றார். தசமம் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு சொல்லிவிட்டார். "அப்ப ஏன் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்தீங்க?" என்றதற்கு, "பயம்" என்றார். வக்கீலம்மா குறித்துக்கொண்டார்.

இனி கோர்ட்.

பழைய மின்விசிறி கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சில் மனைவியும் கொழுந்தியாளும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மாமனார். எதிர்க் கூண்டில் சகலை. வக்கீலம்மா கேட்கக் கேட்கத் தசமம் நடந்ததைச் சொன்னார். வழுக்கியது, பாய்ந்தது, பிடித்தது, பொத்தான் வந்தது. நீதிபதி கையாலேயே எழுதுகிறவர். அவர் பேனா நிற்கும்வரை தசமமும் நின்று நிதானமாகச் சொன்னார். புகழ்ச்சி ஒரு சொல் இல்லை. வக்கீலம்மா திருப்தியாக உட்கார்ந்தார்.

அரசு வக்கீல் குள்ளமான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக எழுந்தார்.

"இவருக்கு நீங்க என்ன வேணும்?"

"சகலை."

"வேலையும் ஒண்ணா. வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சேர்ந்துதான் போவீங்க?"

"போவோம்."

அரசு வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "இது யாரு எழுதினது?"

"நான்."

"சத்தமா படிங்க."

தசமம் படித்தார். "ஒன்று. மாலை நாலு முப்பதுக்கு நான் அழுத்தம் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டு. என் முதுகு படிப் பக்கம் இருந்தது. மூன்று. சத்தம் கேட்டுத் திரும்பினேன். நான்கு. நான் எதையும் பார்க்கவில்லை."

"போலீஸ்காரர் அடிச்சு எழுத வச்சாரா?"

"இல்லைங்க. அவர் எழுத்து புரியலை. நானே பேனாவை வாங்கிக்கிட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"முத்து முத்தா, நம்பர் போட்டு எழுதியிருக்கீங்க. இது பொய்யா, இப்ப சொன்னது பொய்யா?"

"அதுதான் பொய்."

"ஏன் பொய் எழுதினீங்க?"

"பயத்துல."

"யாருக்குப் பயம்? காண்ட்ராக்டர் உங்க மேலதிகாரியா?"

"இல்லை."

"அவர் ரவுடியா?"

"இல்லை."

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இருக்கிற மனுஷர். பயந்த கை இப்படி எழுதுமா? ஒரு அடித்தல்கூட இல்லையே!" தாளை நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். வக்கீலம்மா தன் காகிதத்தில் ஏதோ கோடு கிழித்தார். பயம் என்ற பதில் செத்துவிட்டது என்று தசமத்துக்குப் புரிந்தது.

அரசு வக்கீல் குரலை இறக்கினார். "நான் சொல்லவா? அன்னைக்கு எழுதினதுதான் நிஜம். நீங்க ஒண்ணும் பார்க்கலை. இப்ப கொழுந்தியா கண்ணைக் கசக்குறாங்க. உங்களுக்கும் சகலை மேல கொள்ளைப் பாசம். கூடப் பிறக்காத தம்பி மாதிரி. அவர் தள்ளியிருக்கவே மாட்டார்னு ஒரு நம்பிக்கை. சரிதானே? ஏன் அவ்வளவு நம்பிக்கை, சொல்லுங்களேன்."

சொல்லிக்கொண்டே அவர் கை கோப்புக்குள் போனது. மஞ்சளேறிய காகிதம் ஒன்றின் முனை வெளியே வந்தது. வக்கீலம்மா பாதி எழுந்து தசமத்தையே பார்த்தார்.

வாக்கியம் தயாராக இருந்தது. பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். தங்கமான மனுஷங்க. நாக்கு நுனிக்கு வந்தது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது. நீதிபதியின் பேனா காத்திருந்தது. சொன்னால் அவர் அதை எழுதுவார். 'அவர் தங்கமான மனிதர்' என்று தன் வாக்குமூலமாக, தன் பெயருக்குக் கீழே, கோர்ட் காகிதத்தில் காலத்துக்கும் இருக்கும். மாமனார் காதால் கேட்பார். எட்டு வருடமாக ஒரு சாப்பாட்டு மேஜையில்கூடச் சொல்லாமல் கட்டிக் காத்த வார்த்தை. பொய்யாகக்கூட, அவனைக் கெடுப்பதற்காகக்கூட, அது வெளியே வருவேனா என்றது.

அதற்குள் பாசமாம். கூடப் பிறக்காத தம்பியாம்.

"பாசமா?" என்றார் தசமம். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "யாருங்க சொன்னது உங்களுக்கு? எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது!"

பாதி எழுந்திருந்த வக்கீலம்மா அப்படியே உட்கார்ந்தார்.

"எட்டு வருஷமா ஆகாது. அவன் வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு நான்தாங்க மாப்பிள்ளை. இப்ப நான் மூத்தவராம். மூணு வருஷம் நான் பார்த்த பொறுப்புல அவனைக் கொண்டுவந்து உட்கார வச்சாங்க. என் பொண்ணு எனக்குக் கணக்கு வராதுங்கறா, அவன்கிட்ட போறா. அன்னைக்குப் போலீஸ் வந்தப்ப அவனைச் சுத்தி நின்னு விசிறுறானுங்க. என்னை ஒருத்தனும் குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேட்டதில்லை, இருபத்திரண்டு வருஷத்துல! ஒரு வாரம் அலையட்டும்னுதான் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்தேன். பயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க," என்றார் நீதிபதி. "நான் எழுதணும். மாப்பிள்ளை, மூத்தவர்… அதுக்கப்புறம்?"

தசமம் எல்லாவற்றையும் இன்னொரு முறை, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை கோபத்தில் வந்தது. இரண்டாவது தடவை ஒவ்வொரு சொல்லும் தோலை உரித்துக்கொண்டு வந்தது. தண்ணீர், விசிறி எல்லாம் எழுதப்பட்டன.

"பொறாமைன்னு போடட்டுமா?" என்று நீதிபதி கேட்டார்.

தசமம் மனைவி இருந்த பக்கம் பார்க்கவில்லை. "போடுங்க ஐயா."

அரசு வக்கீல் விடவில்லை. "இவ்வளவு ஆகாதவருக்கு இன்னைக்கு எதுக்குச் சாட்சி சொல்ல வந்தீங்க?"

"வக்கீலம்மா வந்து நேருக்கு நேரா கேட்டாங்க. அவன் பிடிச்சான், தள்ளலை. ஆகாதுங்கறதுக்காக அதை மாத்த முடியுமா? முள்ளு எங்க நிக்குதோ அதைத்தானே எழுதணும்?"

மஞ்சள் காகிதத்தின் முனை கோப்புக்குள் திரும்பிப் போயிற்று. அரசு வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வேறு கேள்வி இல்லை என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சகலை விடுதலை. இந்தச் சாட்சி குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகப் பொய் சொல்லக்கூடிய அளவுக்கு அவர்மீது அன்பு கொண்டவர் அல்லர் என்பது நீதிமன்றத்துக்கு ஐயமறத் தெரிகிறது என்று நீதிபதி எழுதியிருந்தார். பம்பு நிலையத்தில் அந்த வரி எல்லாருக்கும் மனப்பாடம். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து தசமத்துக்குக் கடிதமும் வந்தது.

வீட்டில் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவாள், பேச்சு கிடையாது. ஒரு நாள்தான் வாயைத் திறந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? உன் தங்கச்சி புருஷனைப் பார்த்தா வயிறு எரியுதுன்னா?"

"அது எனக்குத் தெரியாதா? பார்த்ததைச் சொல்லியிருக்கலாம்ல. அவ பதினாலு மாசம் தூங்கலைங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரு நினைப்பு அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால், மாமனார் முன்னால், தன் அசிங்கத்தைத் தானே எடுத்து வைத்தாரே, அதை யார் செய்வார்? அந்தச் சகலையால் முடியுமா? இந்த ஒரு காரியத்திலாவது தான் அவனுக்கு ஒரு புள்ளி மேல்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான். வாசலில் தயங்கி நின்றான். "அண்ணே, உள்ள வரலாமா?"

"வா."

உட்கார்ந்தான். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீங்க அன்னைக்குப் பார்த்தது எனக்கு அப்பவே தெரியும்ணே," என்றான் சகலை.

தசமம் நிமிர்ந்தார். "எப்படி?"

"அந்த ஆள் வழுக்கினப்ப, 'பிடி, பிடி அவனை'ன்னு கத்தினீங்களே. அதைக் கேட்டுத்தான் நான் கையை நீட்டினேன். இல்லைன்னா பொத்தான்கூட மிஞ்சியிருக்காது."

"நானா கத்தினேன்?"

"நீங்கதான்ணே."

"அப்ப ஏன் வக்கீல்கிட்ட சொல்லலை? போலீஸ்ல சொல்லலை?"

"சொன்னா நீங்க எழுதிக் கொடுத்தது பொய்னு நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். உங்க வேலைக்கு ஆபத்து. அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? பானல் பக்கம் ஒரு தடவை நின்னு பாருங்கம்மான்னு மட்டும் வக்கீல்கிட்ட சொன்னேன். நீங்களா வந்தா சரி, வராட்டி என் நேரம்னு இருந்துட்டேன்." டீயைக் குடித்து முடித்தான். "விளக்கக் கடிதத்துக்கு நானும் ஒரு வரி எழுதித் தரேன்ணே. கோபத்துல பதில் போடாம விட்டுடாதீங்க."

அவன் போன பிறகு மனைவி கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு பெரிய மனசு, பாருங்க."

மறுநாள் காலை ஷிப்டில் தசமம் பதிவேட்டை எழுதி முடித்தார். பிறகு வால்வுக்காரர் ஒருவரைப் படியின் மேல்முனையில் போய் நிற்கச் சொன்னார். சம்பவ நாளைப் போலவே இரண்டு பம்பும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பானல் முன்னால் நின்று, நரம்பு புடைக்க, "பிடி! பிடி அவனை!" என்று கத்தினார்.

"கேட்டுச்சா?" என்று கையால் கேட்டார்.

வால்வுக்காரர் காதுக்குப் பக்கத்தில் கையை விரித்து ஆட்டிவிட்டு, இறங்கி வந்தார். "என்ன சொன்னீங்க? ஒண்ணும் விழலை."

"சரி, இன்னொரு தடவை நில்லுங்க."

இரண்டாவது தடவையும் விழவில்லை. மூன்றாவது தடவை குரலே கட்டிவிட்டது. "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு வால்வுக்காரர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

தசமம் பானலில் கையை ஊன்றி நின்றார். ஆக, தான் கத்தவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை. இவரும் அன்று நல்லது நினைத்தார் என்று இவர் மனைவி நம்பட்டும் என்பதற்காக, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் இட்டுக்கட்டியிருக்கிறான். பொய் தானும்தான் சொன்னார், நம்பர் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். அது கோர்ட்டு வரை போய் நாறியது. பொய் சொல்வதுகூட இவனுக்கு இவ்வளவு அழகாக வருகிறதே என்று நினைத்தபோது, தசமத்துக்கு வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.